ஜாவாவின் வெண்கலமும் பாரிஸின் காதும்

மேற்கத்திய இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் தாண்டிப் போக முடியாத ஆண்டு 1889. பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி அந்த ஆண்டு பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. ஈஃபில் கோபுரம் எழுந்ததே அதற்காகத்தான். டச்சுக்காரர்கள் தங்கள் ஆளுகையில் இருந்த ஜாவாவிலிருந்து ஆட்களை வரவழைத்து, கண்காட்சித் திடலில் ஒரு ஜாவா கிராமத்தை அமைத்தார்கள். மூங்கில் வீடுகள், நடனப் பெண்கள், கமெலான் எனப்படும் வெண்கல வாத்தியக் குழு என்று எல்லாம் அங்கே இருந்தன. அந்தக் கொட்டகைக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் க்ளோத் டெபுஸ்ஸி. அந்த ஆகஸ்டில்தான் அவருக்கு 27 வயது நிறைந்தது. அங்கே அவர் கேட்ட ஒலிதான் ஐரோப்பிய இசையை வாக்னரின் பிடியிலிருந்து விடுவித்து நவீன காலத்துக்குள் தள்ளிவிட்டது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

கதை அழகாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உரசிப் பார்த்தால் வேறு நிறம் தெரிகிறது. அங்கே ஆடிய நான்கு பெண்கள் மத்திய ஜாவாவில் சோலோ நகரத்து மங்குநகரன் அரண்மனையைச் சேர்ந்தவர்கள். வாசித்தவர்களோ மேற்கு ஜாவாவில் பாராகான் சாலாக் என்ற தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சுந்தா இனத்தவர். மொழி வேறு, வாசிப்பு முறையும் வேறு. ஊரில் ஒன்றாகச் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லாத இரு கூட்டத்தாரைக் கப்பல் ஒன்று சேர்த்திருந்தது. டெபுஸ்ஸி கேட்ட தூய கீழைத்தேயம், கண்காட்சிக்கென்று கோத்த ஒரு கலவை.

ஒரு செவ்வியல் மரபு தனக்குப் பழக்கமில்லாத இன்னொரு மரபைக் கேட்கும்போது என்னதான் நடக்கிறது? அது மாறுகிறதா, அல்லது தான் ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட வழிக்குத் துணை தேடிக்கொள்கிறதா? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் பெரிய உதாரணங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டாவதே நடந்திருக்கிறது. மிஞ்சிய சிறுபான்மையில்தான் எனக்கு அதிக அக்கறை.

முதலில் அந்த வெண்கலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்நாடக இசையில் ஊறிய காதுக்குக் கமெலான் இரண்டு இடங்களில் இடறும். ஒன்று ஸ்ருதி. ஜாவாவில் ஸ்லென்ட்ரோ, பெலோக் என்று இரண்டு சுர அமைப்புகள் உண்டு. ஸ்லென்ட்ரோவில் ஐந்து சுரங்கள். கேட்டதும் மோகனம் என்று தோன்றும்; அரை நிமிடத்தில் ஏதோ பிசகுவதாகப் படும். மோகனத்தில் சுரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் சில சிறியவை, சில பெரியவை. ஸ்லென்ட்ரோவில் ஒரு ஸ்தாயியின் ஐந்து இடைவெளிகளும் ஏறக்குறையச் சமம். அந்த ஏறக்குறைய என்பதும் ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு மாறும். ஒரு குழுவின் வாத்தியத்தை எடுத்து இன்னொரு குழுவில் வைத்தால் சேராது. ஒவ்வொரு கமெலானும் தன் ஸ்ருதியோடு வார்க்கப்பட்ட தனிக் குடும்பம். பாலித் தீவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். வாத்தியங்களை ஜோடியாகச் செய்து, ஒன்றை மற்றதைவிட ஒரு மயிரிழை ஏற்றி வைப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி அலை அலையாகத் துடிக்கும். நாம் ஸ்ருதி சேரவில்லை என்று தம்புராவைத் திருத்துகிற இடத்தில், அவர்கள் அந்தச் சேராமையைத்தான் ஒலியின் உயிர் என்கிறார்கள்.

இரண்டாவது இடறல் தாளம். நமக்கு ஆவர்த்தனத்தின் கனமெல்லாம் தொடக்கத்தில், சமத்தில் இருக்கிறது. ஜாவாவில் அது முடிவில் இருக்கிறது. பெரிய காங் ஒலிப்பது சுற்றின் கடைசி எண்ணிக்கையில். நாலு நாலாக எண்ணினால் நாலாவதில்தான் எடை. தெரியாமல் கேட்கும் நம்மவர் காங் விழுந்த இடத்தைச் சமமாக எடுத்துக்கொண்டு தாளம் போடுவார். வாத்தியங்கள் அந்த இடத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தன என்பது பிடிபடாமல் போகும். காலப்பிரமாணமும் விசித்திரமானது. அடிப்படை மெட்டு பாதி வேகத்துக்கு இறங்கும்போது, அதை அலங்கரிக்கும் வாத்தியங்கள் ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு மடங்கு அடிகளை நிரப்பிக்கொள்கின்றன. அதனால் அவற்றின் வேகம் கிட்டத்தட்ட அப்படியே நிற்க, அடியில் தளம் மட்டும் விரிந்துகொண்டே போகிறது. விளம்பம் எது, துரிதம் எது என்ற கேள்விக்கு அங்கே ஒற்றை விடை கிடையாது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர் 'புஸ்பவர்ன'வில் தொடங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோலோவிலிருந்து ஆண்ட நான்காம் மங்குநகரனின் பெயரில் வழங்கும் உருப்படி. பதினாறு எண்ணிக்கைக்கு ஒரு காங். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்துபோன பொன் இசைத்தட்டில், கேசர்பாய் கேர்க்கரின் பாட்டோடு இதுவும் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. முதல் முறை காங்கை மட்டும் எண்ணுங்கள். மெட்டு மூன்றாவது முறையில் தானாக வந்து நிற்கும்.

இனி டெபுஸ்ஸிக்கு வருவோம். 1903இல் வெளியான அவருடைய 'பகோட்' என்ற பியானோ உருப்படியில் இந்தத் தாக்கம் வெளிப்படையாகத் தெரியும். அடியில் நீண்டு ஒலிக்கும் தாழ்ந்த சுரங்கள், நடுவில் நிதானமான மெட்டு, மேலே அதையே வேகமாகத் தூவும் விரல்கள். கமெலானின் அடுக்குமுறை அப்படியே இருக்கிறது. ஆனால் ஸ்லென்ட்ரோ இல்லை. பியானோவில் அது வரவும் வராது. பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில் விழும் ஐந்து சுரங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. சுற்றின் முடிவில் கனம் என்ற எண்ணத்தையும் அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஐந்து சுர மெட்டுகள் ருஷ்ய இசை வழியாக அவருக்கு முன்பே பழக்கம். 1888இலும் 1889இலும் பைராய்ட்டுக்குப் போய் வாக்னரைக் கேட்டுவிட்டு, இனி இந்த வழியில் நடக்க முடியாது என்ற இடத்தில் அவர் நின்றிருந்தார். ஹார்மனி ஒரு சுரக்கூட்டிலிருந்து அடுத்ததற்கு உந்தித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஒலி ஓரிடத்தில் நின்று மின்னலாம் என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. ஜாவா சாட்சி சொன்னது. இதைச் சிறுமைப்படுத்திச் சொல்லவில்லை. அதே கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்; தேவை இருந்தவர் காதில்தான் அது விழுந்தது.

நம் பக்கத்திலும் இதே கணக்குத்தான். பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வயலின் கற்றார்; அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் நோட்டு சாகித்தியங்கள் எழுதினார். வயலின் நிலைத்தது. சம்மணமிட்டு, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, கமகத்துக்கு இசைவாக அதைத் திருப்பிக்கொண்டோம். அந்த வாத்தியத்தோடு கூடவே வந்த ஹார்மனியை வாசலிலேயே விட்டுவிட்டோம். நோட்டு சாகித்தியங்கள் இன்றைக்குக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் துக்கடாவாக ஒதுங்கிவிட்டன.

ஐரோப்பாவுக்கு இது 1889இல் தொடங்கிய பழக்கமும் இல்லை. ஆட்டோமன் ராணுவ பாண்டுகளைக் கேட்ட பதினெட்டாம் நூற்றாண்டு வியன்னா, துருக்கி மோகத்தில் மிதந்தது. மொசார்ட்டின் 1782ஆம் ஆண்டு ஓபரா ஒன்றின் களமே துருக்கிய அரண்மனை. பெரிய முரசு, ஜால்ரா, முக்கோணம் மூன்றும் துருக்கி வாடை காட்டவே ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் வந்தன. 1824இல் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியின் இறுதிப் பகுதியிலும் அந்த வாடை இருக்கிறது. இன்று ஆர்க்கெஸ்ட்ராவில் ஜால்ரா தட்டுகிறவரைப் பார்த்து யாருக்கும் துருக்கி நினைவுக்கு வருவதில்லை. இரவல் அவ்வளவு முழுமையாகச் செரித்துவிட்டது.

காதுகளுக்கு முன்பே கருவிகள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தன. 1885இல் அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் பல நாட்டு சுர வரிசைகளை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸ்தாயியை 1200 சென்ட்டுகளாகப் பிரிக்கும் அளவுமுறை, இன்று நம் ஸ்ருதிப் பெட்டிச் செயலிகள் வரை புழங்குவது, அவர் கொடுத்ததுதான். அவருக்குச் சங்கீதக் காது அவ்வளவாகக் கிடையாது. பியானோ நிறுவனத்தில் வேலை பார்த்த ஹிப்கின்ஸ் என்பவரின் காதை நம்பித்தான் அளந்தார். 1882இல் லண்டனுக்கு வந்த ஒரு கமெலானும் அவர்கள் அளந்தவற்றில் அடக்கம். இயற்கை விதித்த ஒரே சுர வரிசை என்று எதுவும் இல்லை. மனிதர்கள் விதவிதமாக அமைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. தங்கள் இசைதான் இயற்கையின் விதி என்று நம்பியிருந்த ஒரு சமூகத்துக்கு, பகோட்டைவிட இந்தக் கட்டுரை பெரிய அடி என்று நான் நினைக்கிறேன். எண்களுக்குக் கண்காட்சியின் கவர்ச்சி இல்லாததால் யாரும் கதை கட்டவில்லை, அவ்வளவுதான்.

கண்காட்சியில் கேட்டவர் ஒருவர் என்றால், புத்தகத்தில் கேட்டவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். தேவகிரி யாதவர்களின் அவையில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகரம்' 120 தேசித் தாளங்களை அட்டவணையிடுகிறது. அந்த அட்டவணை ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்தது. மெசியான் அதைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுவதும் விடவில்லை. ஜெர்மானியர் நடத்திய போர்க் கைதிகள் முகாமில், 1941 ஜனவரி 15 அன்று, அங்கே கிடைத்த வாத்தியங்களைக் கொண்டு அரங்கேறிய அவருடைய நால்வர் உருப்படியின் முதல் பகுதியில், பியானோ பதினேழு கால அளவுகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ராகவர்த்தன, சந்திரகலா, லக்ஷ்மீச என்ற மூன்று தேசித் தாளங்களைக் கோத்து அவர் செய்தது அது.

இந்தத் தாளங்களில் மிகப் பல இந்தியாவில் புழக்கத்திலிருந்து விழுந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. நாமோ சூளாதி தாளங்களோடு, அதிலும் பெரும்பாலும் ஆதியோடும் ரூபகத்தோடும் காலம் தள்ளுகிறோம். மெசியான் செய்ததில் அதைவிடப் பெரிய விலகல் ஒன்று உண்டு. நமக்குத் தாளம் என்பது கையில் போடும் சட்டகம். பாட்டும் மிருதங்கமும் அதன் மேல் ஓடும், அதை மீறுவதுபோல் போக்குக் காட்டிவிட்டுச் சமத்துக்கு வந்து சேரும். மெசியான் அட்டவணையிலிருந்த குறில் நெடில்களையே ஒலிக்கும் சுரங்களின் நீளமாக எடுத்துக்கொண்டார். சட்டகத்தையே பாட்டாக்கிவிட்டார். நம் ஊர் வித்வான் ஒருவரிடம் காட்டியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்தப் பிசகிலிருந்து, மாத்திரைகளைச் சமமாக வெட்டாமல் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு லய முறை பிறந்தது. அவருடைய வகுப்பில் இருந்த பூலேஸும் ஷ்டாக்ஹவுஸனும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பிய இசையை வேறு பக்கம் திருப்பினார்கள். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதும் நல்ல இசை எழுதுவதும் ஒரே தராசில் நிற்பதில்லை.

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக், டெபுஸ்ஸி மெசியான் இருவரிடமிருந்தும் விலகி நிற்கிறார். ஹங்கேரிய இசை என்று லிஸ்ட் உலகுக்குக் காட்டியது நகரத்து ஜிப்ஸி பாண்டுகளின் இசை. பார்ட்டோக்கும் சக இசையமைப்பாளர் கோடாயும் 1906 முதல் எடிசன் உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். ஹங்கேரியரோடு நில்லாமல் ஸ்லோவாக்கியர், ருமேனியர் என்று பார்ட்டோக் விரிந்துபோனதைத் தேசியவாதிகள் துரோகம் என்றார்கள். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவில் அரபுப் பாடல்களைப் பதிவுசெய்தார். 1936இல் அனத்தோலியாவில் துருக்கி நாடோடிகளின் பாட்டைக் கேட்டார். பழைய ஹங்கேரிய மெட்டுகளின் உறவுக்காரர்கள் அங்கே இருந்தார்கள். தன் ஊர்க் கிராமத்து இசையே படித்தவர்களுக்கு அந்நியமாக இருந்தது என்பதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு. நம் ஊரிலும் பறையும் நையாண்டி மேளமும் சபா ரசிகருக்கு இன்றுவரை எவ்வளவு தூரம் என்று யோசித்தால், இதை ஐரோப்பியர் சமாசாரம் என்று ஒதுக்க முடியாது.

இதுவரை கேட்டவர்களைப் பற்றியே பேசினேன். கேட்கப்பட்டவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்களா?

கனடாவில் பிறந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ, 1928இல் பாலியில் பதிவான இசைத்தட்டுகளை நியூயார்க்கில் கேட்டுவிட்டு 1931இல் அந்தத் தீவுக்கே போனார். இடையிடையே வெளியேறினாலும் 1938 இறுதிவரை அதுதான் அவர் வீடு. அவர் போய் இறங்கியபோது தீவு முழுவதும் கெப்யார் என்ற பாணி கொடிகட்டிப் பறந்தது. ஐம்பது கைகள் ஒரே நொடியில் வெடிக்கும், சட்டென்று நிற்கும், மறுபடி பாயும். வெளிநாட்டவர் அதைப் பாலியின் ஆதி இசை என்று மயங்கினார்கள். அதற்கு அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை. வடபாலியில் ஏறத்தாழ 1915இல் தலைகாட்டியது அது. டெபுஸ்ஸியின் பகோட் அதைவிட மூத்தது.

கெப்யார் கிளம்பிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1906இலும் 1908இலும் தென்பாலியின் அரச குடும்பங்கள் டச்சுப் படையின் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்துபோய் மாண்டன. அரண்மனைகள் வறண்டன. அவற்றின் மெதுவான, கம்பீரமான கமெலான்களைப் பராமரிக்க ஆளில்லை. அவை கிராமக் குழுக்களின் கைக்கு வந்தன. பழைய காங்குகளையும் கட்டைகளையும் உருக்கி, வேகத்துக்கு ஏற்ற புதிய வாத்தியங்களாக வார்த்தார்கள். ஊருக்கு ஊர் போட்டி வாசிப்பு சூடு பிடித்தது. மன்னருக்காக இருந்த இசை கிராமத்துக்காக ஆனபோது அதன் வேகம், அமைப்பு, யார் வாசிக்கலாம் என்ற கணக்கு எல்லாமே மாறின. ஜமீன்களும் சமஸ்தானங்களும் தளர்ந்து சென்னை சபாக்கள் எழுந்தபோது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு ஒரு புதிய ஒழுங்கைக் கொடுத்ததும் அதே கால்நூற்றாண்டில்தான். நாம் காலங்காலமானது என்று நினைக்கும் கச்சேரிப் பத்ததிக்கு வயது ஒரு நூற்றாண்டுதான்.

மெக்ஃபீ இந்த மாற்றத்தைக் கண்டுகொண்டவர். கெப்யாரின் வெறி பழைய உருப்படிகளைத் தின்றுவிடுமோ என்று பயந்து, முதிய ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, அரண்மனை பாணியை மறுபடி வாசிக்க வைத்தார். அவர் 1936இல் எழுதிய 'தாபூ தாபூஹன்' ஆர்க்கெஸ்ட்ரா உருப்படியைவிட, இறந்தபின் 1966இல் வெளிவந்த பாலி இசை பற்றிய அவருடைய பெருநூலே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓர் இசையமைப்பாளராக அவர் சோர்ந்துபோனார். ஆனால் அவர் எழுதிவைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் பல உருப்படிகளின் அமைப்பு தெரியாமலே போயிருக்கும். பாலி மெட்டுகளை அவர் இரண்டு பியானோக்களுக்கு மாற்றி எழுதியதை 1941இல் பெஞ்சமின் பிரிட்டனோடு சேர்ந்து இசைத்தட்டில் பதிந்தார். பிரிட்டன் 1956இல் தானே பாலிக்குப் போனார். மறு ஆண்டு லண்டனில் மேடையேறிய அவருடைய பாலே நாட்டியத்தில் கமெலான் ஒலி அப்பட்டமாகக் கேட்கும்.

கண்காட்சியில் கேட்பது, புத்தகத்தில் கேட்பது என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி, கையால் கற்பது. 1950களிலும் 60களிலும் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் மேன்டில் ஹுட் ஒரு நிபந்தனை வைத்தார்: எந்த இசையைப் பற்றி ஆராய்கிறாயோ அதை வாசிக்கக் கற்றுக்கொள். இரண்டு மொழி பேசுகிறவரைப்போல் இரண்டு இசையும் கைவந்தவராக வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மாணவர் ராபர்ட் பிரவுன் மிருதங்கத்தைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதியவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்ததும், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி.ரங்கநாதன் 1963இல் அங்கே மிருதங்கம் சொல்லித்தரப் போனார். இன்னொரு தம்பி டி.விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்ற அமெரிக்க இளைஞர் ஜான் ஹிக்கின்ஸ் திருவையாற்று ஆராதனையில் பாடி, ஹிக்கின்ஸ் பாகவதர் ஆனார். 1984இல் ஒரு சாலை விபத்து அவரைப் பறித்துக்கொண்டது. அவர் புதிதாக எதையும் உருவாக்கவில்லை, எந்த இசையின் போக்கையும் மாற்றவில்லை. ஒரு மரபை அதன் சொந்த விதிகளின்படி, அதன் சொந்த ரசிகர்களுக்கு முன் பாடிக் காட்டினார். டெபுஸ்ஸியும் மெசியானும் பக்கத்தில்கூடப் போகாத காரியம் அது.

இந்த வழியிலும் பழைய கணக்கு விடுவதில்லை. ஸ்டீவ் ரைக் 1970இல் கானாவுக்குப் போய் எவே இனத்தவரின் மத்தளங்களைக் கற்றார். மலேரியா வந்து சீக்கிரமே திரும்பினார். மறு ஆண்டு 'டிரம்மிங்' வந்தது. ஆனால் ஒரே அச்சு சற்றே விலகி விலகி ஓடும் அவருடைய உத்தி 1965லேயே தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்கா தனக்கு உறுதிமொழி தந்ததாகத்தான் அவரும் பேசினார். ஃபிலிப் கிளாஸ் பாரிஸில் ரவிசங்கரின் திரைப்பட இசையை எழுத்தில் இறக்கும் வேலையில் இருந்தபோது, தபலா கலைஞர் அல்லா ரக்கா வாயிலாகத் தாளத்தின் கூட்டல் கணக்கை அறிந்துகொண்டார். அவர் புரிந்துகொண்டது தாளத்தின் ஒரு பக்கம் மட்டுமே, மீதி அவருடைய சொந்தக் கட்டுமானம். ஜப்பானியரான தோரு தக்கெமித்சு எதிர்த் திசையில் வந்தார். மேற்கத்திய இசையில் வளர்ந்து, சொந்த நாட்டு இசையை வெகுகாலம் ஒதுக்கிவிட்டு, 1967இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்குக்காக பிவா என்ற நரம்பு வாத்தியத்தையும் ஷாகுஹாச்சி என்ற குழலையும் ஆர்க்கெஸ்ட்ராவின் முன் உட்காரவைத்தார். இரண்டையும் கலக்கவில்லை. ஒன்று பேசும்போது பெரும்பாலும் மற்றது சும்மா இருக்கும். கலந்தால் இரண்டும் கெடும் என்று புரிந்தவர் செய்த வேலை.

யாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. மெக்ஃபீ பியானோவுக்கு மாற்றியவை பாலியின் சடங்கு இசை என்ற தலைப்பில் அச்சாயின. அவற்றில் ஒன்றான 'கம்பாங்கன்' கூத்தா ஊர்க்காரர் இ வாயான் லோத்ரிங் 1920களில் புனைந்த உருப்படி. புதுமை செய்த ஓர் இசையமைப்பாளரின் வேலை, தலைப்பளவில், பெயரற்ற சடங்காகிவிட்டது. மெக்ஃபீ தன் நூல்களில் லோத்ரிங்கைக் கொண்டாடியவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1928ஆம் ஆண்டின் அந்த இசைத்தட்டுகளை உலகின் பல காப்பகங்களிலிருந்து திரட்டி, 2010களில் பாலிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். தாத்தாக்களின் வாசிப்பைப் பேரன்கள் ஒலிப்பதிவிலிருந்து கற்று மீண்டும் மேடையேற்றினார்கள்.

இப்போது பாலியில் தேவா அலித் என்ற இசையமைப்பாளர், தான் 2007இல் தொடங்கிய சலூகட் குழுவுக்காக, ஸ்லென்ட்ரோவையும் பெலோக்கையும் சேர்த்து ஸ்தாயிக்குப் பதினொரு சுரங்கள் கொண்ட ஒரு புதிய கமெலானையே வடிவமைத்து வார்த்திருக்கிறார். அதில் பழைய உருப்படிகள் எதையும் அப்படியே வாசிக்க முடியாது. அவருடைய இசையைக் கேட்கும் ஐரோப்பிய ரசிகர்களுக்கு ரைக்கும் லிகெட்டியும் நினைவுக்கு வருகிறார்கள். ஊரில் சிலர் இது கமெலானே இல்லை என்கிறார்கள். 1915இல் கெப்யாரைக் கேட்ட பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது சிரமமில்லை.